தசமி எந்தக் கிழமை

2-11-59, திங்கள்
சாவு விழுந்த வருஷம், தீபாவளி இல்லை. பத்திரிகைக்கு மட்டும் தீபாவளித் துணுக்குகள் எழுதி அனுப்பியிருந்தேன். எல்லாவற்றிலும் பெண்டாட்டி புருஷனைத் திட்டுகிறாள். திட்ட ஆளில்லாதவன் எழுதியது என்று எவனுக்குத் தெரியும்?

மகன் கருப்பணனுக்குக் கார்டு போட்டேன்: "அம்மாவுக்குத் தலைத்திவசம். ஐப்பசி வளர்பிறை தசமி. வந்து சேரவும்." ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டியில் இருக்கிறான். அவன் அம்மா சிவனம்மாளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு போனவன், இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. "அம்மா இல்லாத வீட்டுல என்னப்பா இருக்கு?" என்றான். நான் இருந்தேன். அவன் எதிரில்தான் நின்றேன்.

6-11-59
பதில் இல்லை. எதிர்வீட்டு வியாகுலம்மாள், "மகன் வாரானா?" என்றாள். "வாரான்" என்றேன். தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள். கதை பரப்பும் தொழிலில் எனக்கு அடுத்தபடி அவள்தான்.

9-11-59, திங்கள்
இன்று தசமி. பஞ்சாங்கம் வாங்குவது சிவனம்மாள் வேலை. இந்த வருஷம் கடைக்காரன் கொடுத்ததை நான் வாங்கிவந்தேன். கத்திரிக்காய் வெஞ்சனம் அடிப்பிடித்தது. இலை போட்டுப் படைத்தேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் பார்த்தேன். வரலை. அம்புட்டுக் கோபமா? என் மேலயா?

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் பாஸ்கல் வந்தார். பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"அண்ணே, இது திருக்கணிதப் பஞ்சாங்கம்ல? ஊருல முக்காவாசிப் பேரு பாக்குறது வாக்கியம். அதுல தசமி நாளைக்கு."

"ஒரே நிலாவுக்கு ரெண்டு தசமியா, வாத்தியாரே?"

"பூமி, நிலா ரெண்டே பேருன்னா கணக்கு சுளுவு. மூணாவதா சூரியனும் நின்னு இழுக்குதே! அதனால நிலா செத்த முந்தி ஓடும், செத்த பிந்தும். பழைய வாக்கியம் அமாவாசை பௌர்ணமிக்குச் சரியா வரும், இடையில பிசகும். மூணு பேரு இழுபறிய ஒரே சூத்திரத்துல அடைக்க இன்னும் எவனாலயும் ஏலலை."

சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர் வந்து என் வீட்டுத் திதியைத் திருத்துகிறார்! சிரித்தேன். அவர் போனபின் சிரிப்பு நிற்கவில்லை, பிறகு வேறு என்னவோ ஆனது. நாங்களும் மூணு பேர்தானே. அவள் இழுத்துப் பிடித்திருந்ததில் நானும் அவனும் ஒரே வீட்டைச் சுற்றிவந்தோம்.

நாளைக்கு வருவானா?

10-11-59
விடியுமுன் பாத்திரங்களைத் தேய்த்தேன், அடுப்புச் சாம்பலை அள்ளினேன். திருடன் கூட இப்படித் தடயம் அழிக்கமாட்டான். வராவிட்டால்? வராவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்.

வந்தான். தோளில் முருங்கைக்காய்க் கட்டு. இளைத்திருக்கிறான்.

"இன்னைக்குத்தானப்பா தசமி?"

"இன்னைக்கேதான்டா."

"ஒண்ணுமே ஆக்கலையா?"

"நீ வராம எப்படிடா உலை வைக்க?"

அவனே அடுப்புப் பற்றவைத்தான். படைத்துக் கும்பிடும்போது அவளிடம் சொன்னேன்: நேற்று சாப்பிட்டதை உளறிவிடாதே, தாயே.

பாஸ்கல் எட்டிப்பார்த்தார். "நேத்து…" என்று ஆரம்பித்தவர், கருப்பணனைக் கண்டதும், "நேத்து நல்ல மழை" என்றார். மழையே இல்லை.

11-11-59
பையன் தூங்குகிறான். காலை பஸ் போய்விட்டது. நான் எழுப்பவில்லை.