செத்ததென்று நீங்கள் எழுதிய கிருமி

ஆய்வகத் தலைவருக்கு, அதாவது என் கணவருக்கு,

நோயாளி சுதேஷ்ணாவின் புண்ணிலிருந்து எடுத்த கிருமியை, மருந்து கலந்த கண்ணாடித் தட்டில் ஒரே நாள்தான் பார்த்தீர்கள். துர்கா பூஜைக்கு ஓடும் அவசரம். "எல்லாம் செத்தாச்சு, மருந்துக்குக் கேட்குது, தூக்கிப் போடு" என்று கையெழுத்தும் போட்டீர்கள். நான் தூக்கிப் போடவில்லை.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் தட்டில் கடுகுபோலப் புள்ளிகள். தின்று கொழுக்கிற கிருமியைத்தான் உங்கள் மருந்து கொல்லும். இவை தீனியைக் குறைத்து, மெதுவாக வளர்ந்து, மருந்தைத் தாங்கிவிட்டன. நீங்களோ பூஜைக்கு வந்த சந்தேஷ் இனிப்பை மென்றபடி, "அது தூசுடி, உனக்கென்ன தெரியும்?" என்றீர்கள்.

சுதேஷ்ணாவின் டாக்டரிடம் நானே சொன்னேன். மருந்தை மாற்றிவிட்டார், காய்ச்சல் இறங்குகிறது.

பன்னிரண்டு வருஷம் உங்கள் வீட்டில் நானும் அந்தக் கிருமிபோலத்தான் கிடந்தேன். என்னையும் ஒரே நாள்தான் பார்த்திருப்பீர்கள். வீட்டுச் சாவி உங்கள் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
அந்தத் தூசு