ஒல்லாந்து மாட்டின் முகம்

அக்கா,

வாசற்கதவுக்குப் பெயின்ற் அடிக்க வந்தவர் இன்று டர்பன்டைன் போத்தலைத் திறந்தார். அந்த மணம் படியேறி வந்ததும் உங்கள் நினைவும் வந்துவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் லண்டன் வால்தம்ஸ்டோவில் மேல்வீடும் கீழ்வீடுமாக இருந்தோம். நீங்கள் கவுன்சிலின் மாலை வகுப்பில் ஓவியம் பழகினீர்கள். நகரத்து ஓவியக்கூடத்தில் நின்று நின்று பார்த்த டச்சு ஓவியர் ஒருவரின் ஒல்லாந்துப் படமொன்றை, டர்பன்டைன் மணக்க மணக்க, எண்ணெய் வர்ணத்தில் வரைந்தீர்கள். தாழ்ந்த புல்வெளி, ஓர் ஆறு, கரையில் சிவலை மாடு. மீதியெல்லாம் வானம்.

“எங்கட ஊர்க் கோட்டையைப் பிடிச்சு வைச்சிருந்த ஒல்லாந்தரே உப்பிடி மாடும் கீறினவை?” என்று பகிடி பண்ணினேன்.

“ஓம் பிள்ளை. வானத்தைத்தான் முதல் கீறவேணும். அங்கையிருந்துதான் மாட்டின்ரை முதுகுக்கு வெளிச்சம் வாறது.”

உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் என்பதால், காயும்வரை படம் எங்கள் அறையில் இருந்தது. வகுப்புக் கண்காட்சிக்குப் போகவேண்டிய படம். அதற்குள் பட்டிப்பொங்கல் வந்தது. லண்டனில் மாட்டுக்கு நான் எங்கே போவேன்? சந்தனம் குழைத்து அதன் நெற்றியில் பொட்டு வைத்தேன். விரல் வழுக்கியது. ஐயோ என்று ஈரத்துணியால் துடைக்க, வர்ணம் காயாத முகம் முழுவதும் துணியோடு வந்துவிட்டது.

மன்னார் வேதக்காரி நீங்கள், ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவர்; என் சந்தனப் பொட்டுக்குக் கோபித்திருக்கலாம். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “பொங்கலும் முடிஞ்சுது, முகமும் போச்சு!” என்றீர்கள். கண்காட்சிக்குப் படம் போகவில்லை.

“நீர் வந்து பக்கத்தில இருமன். கதைச்சுக் கதைச்சு முகத்தைக் கீறுவம்.”

“வாறன் அக்கா” என்றேன். வரவில்லை. ஷிப்ட் என்று சாட்டுச் சொன்னேன். உண்மையில் வெட்கம், வேறொன்றுமில்லை. லண்டனுக்குள்ளேயே எட்மண்டனுக்கு நாங்கள் வீடு மாறிய பிறகும் தொலைபேசியில் கேட்டீர்கள். நானும் அதே ஷிப்டைத்தான் சொன்னேன். எவ்வளவு கல்நெஞ்சு எனக்கு!

உங்கள் செத்தவீட்டில் மகள் படத்தைத் தந்தாள். “அன்ரி, அம்மா இது உங்களுக்கெண்டு வைச்சவ.” வானத்தில் புது முகில்கள் போட்டிருந்தீர்கள். ஆற்றில் வெளிச்சம் கூடியிருந்தது, புல்லைக்கூடத் திருத்தியிருந்தீர்கள். முகத்தை மட்டும் தொடவில்லை. நான் வருவேன் என்று அப்படியே விட்டிருந்தீர்கள்.

படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அதில் இருக்கிறேன். இன்றைக்கு எனக்கு ஷிப்ட் ஒன்றும் இல்லை, அக்கா.