எந்த மருந்தென்று சொல்லாமல் போன நானாவுக்கு

நானா,

போன சனிக்கிழமை உங்கள் வீட்டு ராத்தா எங்கள் வயல் காவல் வாடிக்கு வந்து, முக்காட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்த ஒரு பிஸ்கட் தகரத்தை என் முன்னால் வைத்தார். மூடியைக் கழற்றியதும் நீங்களே எழும்பி வந்து நின்றதுபோல இருந்தது. கந்தகம், துவக்கு எண்ணெய், அவற்றுக்கு மேலே நீங்கள் ஜும்மாவுக்குப் பூசும் அத்தர். இந்த மூன்றும் சேர்ந்த மணம் இந்தக் கொட்டியாரப் பற்று முழுவதிலும் ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தது. அந்த ஆளைப் போன மாசியில் தோப்பூரில் அடக்கியாயிற்று.

தகரத்துக்குள் பன்னிரண்டு தோட்டாக்கள். உங்கள் கையால் வெடிமருந்து அடைத்தவை.

"அலுமாரிக்கு மேல கிடந்திச்சு. நான்தான் மறந்து போயிட்டன்," என்றார் ராத்தா. "கிளாக்கருக்கு மட்டும் குடு, வேற ஆரும் தொடப்படாதெண்டு சொன்னவர்."

"என்ன மருந்து போட்டவரெண்டு சொன்னவரோ?"

"நாப்பது வருசமாக் கறிக்கு உப்புக் காணுமோ காணாதோ எண்டே எனக்கிட்டச் சொல்லாத மனிசன். இதையா சொல்லப் போறார்?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. குடைக்காம்பிலும் பெயர் எழுதியவர் நீங்கள். மண்வெட்டிப் பிடியில் வாங்கிய திகதி செதுக்கியவர். இந்தப் பன்னிரண்டில் ஒன்றின் மேலாவது ஓர் எழுத்துப் போடக்கூடாதா? கதிர் பால்பிடித்து நிற்கிறது. பன்றிகள் மூன்று நாளாக வரம்பை உழுகின்றன. கையில் பன்னிரண்டு தோட்டா இருந்தும், எந்த மருந்து, எவ்வளவு என்று தெரியாமல் துவக்கில் போட ஏலாது. போட்டால் பன்றி போகுமோ என் தாடை போகுமோ என்று யாருக்குத் தெரியும்?

நம் இரண்டு பேருக்கும் இந்த மருந்துச் சண்டை தொடங்கிய நாளை நினைத்துப் பார்க்கிறேன். நான் பட்டினத்தில் கந்தோர் ஒன்றில் கிளாக்கர் வேலை செய்பவன். சீதனமாக வந்த வயலுக்காகச் சனிக்கிழமை தோறும் குடாவைக் கடக்கும் மூதூர் லோஞ்சில் ஏறி, துவக்கைப் படுக்கை விரிப்பால் சுற்றிக்கொண்டு, பிள்ளை தூக்குகிறவன்போல வருவேன். அதுவரை தோசை கூடச் சுட்டறியாதவன். என் வரம்புக்கு அந்தப் பக்கம் உங்கள் வயல். நீங்களோ வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்து வெடிமருந்துக் களஞ்சியத்தில் பெட்டி சுமந்தவர். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்விட்டான். அவன் மருந்தைப் பற்றிய அறிவு மட்டும் உங்கள் மூக்கில் தங்கிவிட்டது.

வெளிநாட்டுச் சாமான் வரவு நின்ற அந்த வருடங்களில் புதுத் தோட்டா என்பது பெர்மிட்டில் மட்டும் இருக்கும், கடையில் இராது. ஆகவே தோப்பூரிலிருந்து கட்டைபறிச்சான்வரை துவக்கு வைத்திருந்த எல்லோரும் சுட்டு முடிந்த வெறும் தோட்டாவைப் பொறுக்கி வீட்டில் அடைக்கத் தொடங்கினார்கள். அடியில் பொறி தரும் 'கேப்'பை மாற்றி, மருந்து போட்டு, அடைப்பு வைத்து, அதன் மேலே ஈயப் பொடிக்குண்டான சன்னத்தைக் கொட்டி, அட்டையால் மூட வேண்டும். எல்லாம் செய்யலாம். எந்த மருந்து என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது.

பெர்மிட்டுக்குக் கிடைத்த கரிமருந்து மலிவு. ஆனால் ஒரு வெடி வைத்தால் வயலே குசினிபோலப் புகையும், குழாய் முழுவதும் கரி, கடற்காற்றுப் பட்டால் கட்டிபட்டுப் போகும். கிணற்றுக்குக் கல் உடைப்பவர்களிடம் இருந்தது அதைவிட மலிவு. அதைக் கண்டாலே நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள். மூன்றாவது, துறைமுகப் பக்கத்திலிருந்து எப்படியோ டின்னில் வெளியே வரும் புகையில்லா மருந்து. சாம்பல் நிறச் சீவல். பலம் பெரிது, விலையும் பெரிது, கை ஒரு துளி கூடினால் துவக்கையே கிழிக்கும்.

எனக்கு வேண்டியிருந்தது சின்ன விஷயம். பன்றிக்கும் காட்டுக்கோழிக்கும் குருவி கலைக்கவும் ஒரே மருந்து, அதுவும் மலிவாக. ஒரு கந்தோர்க்காரன் இதைவிட நியாயமாக என்ன கேட்பான்? நீங்கள் ஒவ்வொன்றாகக் கடதாசியில் காயவைத்து, மணந்து பார்த்து, ஒரு சிட்டிகையைப் பீங்கான் கோப்பையில் கொளுத்திப் பார்த்து, ஒவ்வொரு மருந்துக்கும் வெவ்வேறு மூடியை அளவாக வைத்து, கடைசியில் ஒன்றும் முடிவாகச் சொல்லமாட்டீர்கள்.

"நானா, ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோ."

"எல்லாத்துக்கும் ஏத்த மருந்தெண்டு ஒண்டில்ல கிளாக்கர். எல்லா மாமிக்கும் ஏத்த மருமகன் இரிக்கானா?"

இதை என் மாமிக்கு முன்னால் சொன்னீர்கள். அவ தலையாட்டியதை நான் இன்னும் மறக்கவில்லை.

பிறகு அந்தப் பெரும்போகம். மைம்மல் நேரம், வெளிச்சம் மங்கிவிட்டது. பற்றைக்குள் கறுப்பாக ஒன்று அசைந்தது. நீங்கள் பன்றியின் பெயரை வாயால் சொல்லமாட்டீர்கள், மரியாதையாகக் 'கறுத்தவர்' என்பீர்கள். கறுத்தவர் வந்துவிட்டார் என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். ஓம், கண்ணை மூடிக்கொண்டுதான். இதை உங்களிடம்கூட நான் ஒத்துக்கொண்டதில்லை.

பற்றைக்குள்ளிருந்து உங்கள் குரல் வந்தது. மிக அமைதியாக.

"கிளாக்கர், மருந்து பலம் காணாது. நல்ல மருந்தெண்டா நான் இண்டைக்கு மௌத்து."

கெண்டைக்காலில் இரண்டு சன்னம். நான் துவக்கை வாய்க்காலுக்குள் போட்டுவிட்டு ஓடி வந்தேன். நீங்கள் சாரத்தின் தலைப்பைக் கிழித்துக் கட்டிக்கொண்டே, என் லைசென்சும் உத்தியோகமும் போகாமலிருக்க ஒரு பொய்யை அந்த இடத்திலேயே அடுக்கிவிட்டீர்கள். முள்ளுக்கம்பி கிழித்ததாம். மூதூர் ஆஸ்பத்திரியிலும் அதே கதை. ராத்தாவிடமும் அதே கதை. அந்தக் கம்பியைக் கழற்றச் சொல்லி ராத்தா என்னிடம் வந்து சண்டை பிடித்தார். இல்லாத கம்பியைக் கழற்றிவிட்டதாக நான் சத்தியம் செய்தேன்.

அன்றைக்கு நீங்கள் ஒரே ஒரு சட்டம் போட்டீர்கள். சுடுவதற்கு முதல் "நானா, எங்க நிக்கிறீங்கள்?" என்று நான் கத்த வேண்டும். "இஞ்ச நிக்கிறன், சுடுங்க" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் விசையில் விரல். பதில் வராவிட்டால் துவக்கைக் கீழே வைக்க வேண்டும். எந்தப் பன்றி இந்த விசாரணை முடியும்வரை காத்திருக்கும்? பாதி நாள் என் கூப்பாட்டுக்கே ஓடிவிடும். மிச்சம் நாள் சுடுவேன், ஒன்றும் விழாது.

அடுத்து வந்த எட்டுப் போகமும், நீங்களே எனக்குத் தோட்டா அடைத்துத் தந்தும், ஒன்றும் விழவில்லை. இதுதான் என் வயிற்றெரிச்சல். உங்கள் வெடிக்குக் காட்டுக்கோழி பொத்தென்று விழும். என் வெடிக்குப் பன்றி திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். "அதுக்கும் உங்களைப் பழகிப் போச்சுது," என்றாள் என் மனைவி. நான் மருந்தைத்தான் குற்றம் சொன்னேன். அவளுக்குச் சேலை எடுக்க வைத்திருந்த காசில் ஒரு டின் புகையில்லா மருந்து வாங்கி உங்களிடம் தந்தேன். அதற்குப் பிறகும் விழவில்லை.

"தோட்டா பாரம் குறைவாக் கிடக்குதே நானா?"

"அது புது மருந்து. பாரமில்லாத சாதி."

நம்பினேன். கந்தோரில் நாலு பேருக்குப் பாரமில்லாத மருந்தைப் பற்றி விளக்கமும் கொடுத்தேன்.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருகிறேன். ராத்தா போனதும் ஒரு தோட்டாவை எடுத்து, மருந்தைப் பார்த்துவிடுவதென்று, மேல் அட்டையைக் கத்தி முனையால் கிளப்பிக் கடதாசியில் கவிழ்த்தேன்.

கௌப்பி விழுந்தது.

சன்னம் இருக்க வேண்டிய இடத்தில் நல்ல, முற்றிய, சிவப்புக் கௌப்பிப் பயறு. அதன் கீழே அடைப்பு. அதற்குக் கீழே அரித்துச் சுத்தமாக்கிய கரிமருந்து, சத்தத்துக்குப் போதுமான அளவு. இன்னொன்றைத் திறந்தேன். அதிலும் கௌப்பி.

வாடி வாசலில் அப்படியே குந்திவிட்டேன். யாரும் விதைக்காத என் வரம்பில் வருடா வருடம் கௌப்பி முளைத்தது நினைவுக்கு வந்தது. தப்பிய விதைகளாக்கும். என் மனைவி அதைப் பிடுங்கித் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்து உங்களுக்கும் பரிமாறினாள். நீங்கள் முதல் வாயிலேயே புரைக்கேறி, கண்ணீர் வரச் சிரித்தீர்கள். "பிள்ளைக்குக் கைராசி," என்றீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், என்னத்துக்கென்று தெரியாமலே.

அப்படியென்றால் என் டின் மருந்து? அதில் நீங்கள் காட்டுக்கோழி சுட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு பங்கு கறி எங்கள் வீட்டுக்கும் வந்தது. ருசியாக இருந்ததென்று சொல்லியும் அனுப்பினேன்.

நானா, நான் இதை மன்னிக்கப் போவதில்லை. எட்டுப் போகமாக ஒரு மனிதனை மருந்துக்காக அலையவிட்டு, லோஞ்சில் காண்பவனிடமெல்லாம் விலை விசாரிக்கவைத்து, கடைசியில் அவன் பன்றிக்குக் கௌப்பி விதைத்துக்கொண்டு திரிந்தானாம். நேரே சொல்லியிருக்கலாம். "உமக்குக் கண்ணுமில்ல, கையுமில்ல, ஈயம் தரமாட்டன்" என்று. நான் ஒரு கிழமை கோபித்திருப்பேன். பிறகு துவக்கை லைசென்ஸ் தந்த கச்சேரியில் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமைகளில் வீட்டில் படுத்திருப்பேன்.

அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது போல.

அடுப்படி அலுமாரியில் என்னிடம் நல்ல ஈயச் சன்னம் ஒரு போத்தல் இருக்கிறது. மிச்சம் பத்துத் தோட்டாவிலும் கௌப்பியைக் கொட்டிவிட்டு அதைப் போடலாம். நேற்று மைம்மலுக்குள் போத்தலை எடுத்துக்கொண்டுதான் வாடிக்குப் போனேன். கறுத்தவர் குடும்பத்தோடு வந்தார். போத்தலைத் திறக்கவில்லை. உங்கள் தோட்டாவை அப்படியே துவக்கில் போட்டு, தோளில் வைத்து, இந்த முறை இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு நின்றேன்.

வாய் தன்பாட்டில் கத்தியது.

"நானா, எங்க நிக்கிறீங்கள்?"

பற்றை அசைந்தது. பன்றிகள் ஓடின. நான் துவக்கைத் தாழ்த்தாமல் கொஞ்ச நேரம் நின்றேன், பதிலுக்காக. பிறகு உங்கள் சட்டப்படி அதைக் கீழே வைத்தேன்.

பத்தும் அப்படியே இருக்கின்றன.