ஒரு கால் விட்டுப்போன சொல்

இன்னாசிபுரம்,
பாலக்கோடு வழி,
தருமபுரி ஜில்லா.
28-12-1971

அன்புள்ள ஸ்தனிஸ்லாஸ் அண்ணனுக்கு,

உங்கள் சித்தப்பா மகள் ராஜமேரி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கவேண்டும் என்பது எங்கள் தமிழ் ஐயாவின் சட்டம். இங்கே நலம் கொஞ்சம் குறைச்சல். ஆவல் மட்டும் பானை நிறைய இருக்கிறது. ஆகவே பாதிச் சட்டத்தை மதித்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று முழிப்பீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஊர்ச் செய்தி. அப்பா போட்ட தக்காளியில் புழு விழுந்துவிட்டது. அரையாண்டுப் பரீட்சையில் தமிழில் நான் முதல். கணக்குக்கும் எனக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. இந்த வருஷம் குடிலில் எந்த ஆட்டுக்கும் நான் மீசை வரையவில்லை. மூன்று ராஜாக்களில் ஒருவர் தலையிலும் உபதேசியாரின் மூக்குக்கண்ணாடியை மாட்டவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சலா புள்ளே என்று கேட்டாள்.

பெரியம்மா சுகமாக இருக்கிறார். காட்டு வேலைக்குப் போகிறார், வருகிறார். சாயங்காலம் கால் கழுவிக்கொண்டு கோயிலுக்குப் போய் நீங்கள் சுவரில் வரைந்த படத்துக்கு எதிரே உட்காருகிறார். படம் தெரியாது. செப்டம்பரில் நீங்கள் போன மறுநாளே அதை ஊதாத் துணியால் மூடிவிட்டார்கள். பெரிய வியாழனுக்கு முன்னால் சுரூபங்களை மூடுவோமே, அதே துணி. ஏன் கண்ணு மூடி வெச்சிருக்காங்க என்று பெரியம்மா என்னிடம்தான் கேட்டார். பெயிண்ட் காயணும், தூசி படக்கூடாது பெரிம்மா என்று சொல்லிவைத்தேன். மூன்றரை மாதமாகிறது. வாரத்துக்கு ஒரு தரம், இன்னுமா காயல என்று கேட்கிறார். உலகத்திலேயே காயாத பெயிண்டைக் கண்டுபிடித்தவள் உங்கள் தங்கை.

நீங்கள் அந்தச் சுவரில் கோடு போட்ட நாட்களை நினைத்துக்கொள்கிறேன். பாலக்கோட்டுக்காரர் கோடு போடாமல் வேறென்ன போடுவார் என்று நான் கேலி பேசியதற்குச் சிரித்தீர்கள். பூசையே தமிழுக்கு வந்துவிட்டது, மாதா மட்டும் ஏன் சீமைக்காரியாகவே இருக்கவேண்டும் என்று பங்குசாமியார்தான் உங்களைக் கூப்பிட்டார். நீங்கள் காடுமேடெல்லாம் அலைந்து நடுகல்லாகப் பார்த்து வந்தீர்கள். அம்பு பட்டுச் செத்த வீரனை நம் ஆட்கள் கல்லில் எத்தனை கொஞ்சக் கோட்டில் கொண்டுவந்திருக்கிறார்கள், பார் என்று நோட்டில் காட்டினீர்கள். சென்னையில் உங்களோடு படித்தவர்களில் ஒருவர் கோலத்தை எடுத்துக்கொண்டார், ஒருவர் கூத்து முகத்தை எடுத்துக்கொண்டார், எனக்கு நம்ம ஊர்க் கல்லு என்றீர்கள். பழசை அப்படியே வரைந்தால் அது நகல், அதை உடைத்து இன்றைக்கு நமக்கு வலிக்கிற மாதிரி அடுக்கினால்தான் படம் என்றீர்கள். பாதி புரிந்தது. மீதிக்குத் தலையாட்டினேன்.

பெரியம்மாவை உட்காரவைத்து வியாகுல மாதாவை வரைந்தீர்கள். அவர் பெயரே வியாகுலம் என்பதால் வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவருக்குப் பதிலாக அவர் மடியில் அரை மூட்டை கேழ்வரகு. முப்பது சாயங்காலம் அதைத் தாங்கிக்கொண்டு அசையாமல் இருந்தார். தொடை மரத்துப்போச்சா என்று நான் கேட்டதற்கு, பெத்த புள்ளையத் தூக்கினா மரத்தா போவும் என்றார். கேழ்வரகைத்தான் சொன்னாரா, உங்களைச் சொன்னாரா, ஆண்டவரைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

திருநாளுக்குள் எல்லாம் முடிந்தது, கைகள் மட்டும் பாக்கி. கரிக்கோட்டோடு நின்றன. கலரைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று திறந்துவைத்தார்கள். சனங்கள் பார்த்தார்கள். ரோஜாக் கன்னம் இல்லை, நீல முக்காடு இல்லை. கல் மாதிரி முகம், துண்டு துண்டாக வெட்டி வைத்த மாதிரி சேலை, மடியில் உழுத நிலம் மாதிரி ஆண்டவர். பிடித்திருக்கிறது என்றும் ஒருவரும் சொல்லவில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. சொல்ல வார்த்தை கிடைக்காமல் நின்றார்கள்.

அண்ணா, அந்த வார்த்தையைக் கொடுத்தது நான்.

கோயில் வாசலில் உங்கள் கூட்டாளி கோவிந்தன் அண்ணன் எழுதிக் கொடுத்த கரும்பலகை இருந்ததே, 'ஸ்தனிஸ்லாஸ் வரைந்த வியாகுல மாதா சித்திரம்' என்று. திருநாள் காலையில், முதல் மணி அடிக்கும் முன், பீடத்துக்குப் பூ கொண்டுபோனவள் நான். கடைசி ம்-ஐ ஈரத் துணியால் துடைத்தேன். நனைத்த சாக்பீஸால் இரண்டு எழுத்து சேர்த்தேன். வதை. 'ஸ்தனிஸ்லாஸ் வரைந்த வியாகுல மாதா சித்திரவதை.' அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எழுதிவிட்டு மாமரத்தடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

படம் பிடிக்காமல் எழுதவில்லை. சத்தியமாக எனக்குப் படம் பிடித்திருந்தது. வார்த்தை அதைவிடப் பிடித்துப்போனது, அதுதான் நடந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தவர்களில் முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. உபதேசியார் அல்போன்ஸ் மாமா சத்தம்போட்டு வாசித்தார். டீக்கடை வரைக்கும் போனது. மறுநாள் சின்னப் பிள்ளைகள்கூட உங்கள் வூட்டைச் சித்திரவதை வூடு என்றார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியம் போய்விட்டது.

பெரியம்மா எழுத்தறியாதவர். கூட்டத்தில் என் கையைப் பிடித்து, என்னா கண்ணு எழுதியிருக்குது, எல்லாரும் சிரிக்கறாங்களே என்று கேட்டார். ஸ்தனிஸ்லாஸ் வரைந்த வியாகுல மாதா சித்திரம்னு எழுதியிருக்குது பெரிம்மா என்று வாசித்துக் காட்டினேன். அப்பிடியா, அதான் சந்தோசப்படறாங்க என்று அவரும் சேர்ந்து சிரித்தார். பலகைக்குப் பக்கத்தில் நின்று, சேலையைச் சரிசெய்துகொண்டு, வருகிறவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் படியில் நின்று பார்த்தீர்கள். நீங்கள் பார்த்ததை நான் பார்த்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து கோவிந்தன் அண்ணன் எழுத்து எனக்குப் பழக்கம். அவர் போடுகிற வ-வுக்குத் தொப்பை இருக்கும், தை-க்கு வால் சுருண்டிருக்கும். அச்சு அசலாக அப்படியே போட்டிருந்தேன், பெருமைக்காக. நீங்கள் டீக்கடையில் அவரை நிறுத்தி, இது உன் எழுத்துதானேடா என்று கேட்டபோது நான் சர்க்கரைப் பொட்டலத்தோடு நாலடி தள்ளி நின்றேன். எழுத்து என்னுது மாதிரிதான் இருக்குது தனிசு, ஆனா நான் எழுதல என்றார் அவர். நீங்கள் முதல் பாதியை மட்டும் கேட்டீர்கள். ஒண்ணா வரைஞ்சு பழகுனோம், நான் சென்னைக்குப் போனேன், நீ போவல, அதானே உனக்கு எரியுது என்றீர்கள். நான்தான் எழுதினேன் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை கையில் ஒழுகியது தெரியாமல் நின்றேன். மறுநாள் காலை பஸ்ஸில் நீங்கள் போய்விட்டீர்கள். ஊர் சிரித்ததற்கு நீங்கள் போகவில்லை என்று எனக்குத் தெரியும். கூட்டாளியே சிரித்தான் என்று நினைத்துப் போனீர்கள். அவர் சிரிக்கவே இல்லை அண்ணா.

அதற்குப் பிறகு கோவிந்தன் அண்ணன் வ-வுக்குத் தொப்பை போடுவதில்லை. வெங்கடாசலம் உரக்கடையின் புதுப் பலகையைப் பார்த்தேன். யாரோ எழுதின மாதிரி ஒல்லியாக ஒரு வெ நிற்கிறது. தன் எழுத்தையே விட்டுவிட்டார். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

இப்போது விலாசத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் துணி எடுக்க அப்பாவோடு சேலம் போனோம். தொப்பூர்க் கணவாயில் ஏதோ ஒரு லாரி கவிழ்ந்து, பஸ்ஸெல்லாம் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் ஒரு லாரி. மற்ற லாரிகளின் முதுகில் கழுகு இருக்கும், கன்றுக்குட்டி இருக்கும். இதில் இரண்டு கைகள். வெறும் கைகள். மல்லாந்த உள்ளங்கை, முழங்கைக்குக் கீழே பச்சை குத்திய மூன்று புள்ளி, இடது சுண்டுவிரல் கொஞ்சம் கோணல். கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்ட சுண்டுவிரல். எனக்கு அது யார் கை என்று லாரிக்காரர் சொல்லவேண்டியதில்லை.

இறங்கி ஓடிப்போய்க் கேட்டேன். அப்பா பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். டிரைவர் மாயவன் நல்ல மனிதர். பெங்களூர் கலாசிபாளையத்துப் பட்டறையில போட்டதும்மா என்றார். அங்க ஒரு ஆளு இருக்கறான், பேசவே மாட்டான், ஊரு எதுன்னு கேட்டா 'கொத்தில்லா', தெரியாதுன்னு கன்னடத்துல சொல்லிட்டுப் போயிடுவான், கை மட்டும் உயிரா போடுவான், மொகம் போடுடான்னா போட மாட்டேங்கறான் என்றார். பட்டறை விலாசத்தையும் அவரே சொன்னார். நான் பஸ்ஸுக்குத் திரும்பி வந்து சேலம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா நிஜமாகவே பயந்துவிட்டார்.

இங்கே சுவரில் கையில்லாமல் ஒரு முகம். அங்கே ரோட்டில் முகமில்லாமல் கைகள். இதில் சிலேடை ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஊர் திரும்பியதும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பங்குசாமியார் அபராதமாக ஐம்பத்துமூன்று மணி ஜெபம் கொடுப்பார் என்று பார்த்தேன். உனக்கு ஜெபம் எதுக்கு, ரெண்டு எழுத்துல கெடுத்தவ நாலு பக்கம் எழுது என்றார். இதுதான் அந்த அபராதம். வெளியே வந்த பிறகு ஒன்று சொன்னார். தை மாதம் முடிந்து தபசுகாலம் தொடங்கும் முன் சுவருக்கு வெள்ளையடித்து, அச்சுப் படம் ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டுவது என்று ஊர்க் கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். வரைஞ்சவன் வந்து கைய முடிச்சான்னா துணிய எடுத்துட்டு நானே ஊர்கிட்ட பேசறேன், அவன் வரலன்னா எனக்குப் பேச வாயில்ல என்றார்.

கோவிந்தன் அண்ணனிடமும் போனேன். அடிப்பார் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றாமலே நின்றேன். கேட்டுவிட்டு, என்னுதுன்னு நானே நெனச்சுட்டேன் புள்ளே, தூக்கத்துல எழுதிட்டனோன்னு கூட நெனச்சேன் என்றார். பிறகு உள்ளே திரும்பித் தூரிகையைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். கழுவிக்கொண்டே, தனிசு வந்தா டீ குடிக்கலாம்னு எழுது என்றார்.

பெரியம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சாமியாரிடம் சொல்ல முடிந்தது, கோவிந்தன் அண்ணனிடம் சொல்ல முடிந்தது. அந்தப் பலகையைச் சரியாக வாசித்துக் காட்ட வாய் வரவில்லை. நீங்கள் பக்கத்தில் நின்றால் வாசிப்பேன். அடித்தாலும் நீங்கள் இருக்கும்போது அடிக்கட்டும்.

பலகை கோயிலின் பின் அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. நேற்றுப் போய் அதைத் திருப்பினேன். நான் எழுதின இரண்டு எழுத்தும் அப்படியே இருந்தன. அழிக்கத்தான் துணி கொண்டுபோனேன். பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் தெரிந்தது, அன்றைக்கு அவசரத்தில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது. வ-வுக்குப் பக்கத்தில் ஒரு கால் போட்டேன். இப்போது உங்கள் பெயரில் தொடங்கி, வா தை என்று முடிகிறது. தை பிறக்க இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. கால் போட்டுக் கொடுத்துவிட்டேன் அண்ணா, நடக்கவேண்டியது நீங்கள்தான்.

இதை எழுதும்போது பெரியம்மா வந்து எட்டிப் பார்த்தார். அண்ணனுக்கு எழுதறேன் என்றேன். நீங்கள் கைக்குப் போடுகிற கலர் வாங்கத்தான் போயிருக்கிறீர்கள் என்று அவர் இன்னும் நம்புகிறார். அதுவும் நான் சொல்லிவைத்ததுதான். பக்கத்தில் உட்கார்ந்து, எதை எழுதச் சொல்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் சொன்னதை ஒரு எழுத்தும் அழிக்காமல், சேர்க்காமல் எழுதுகிறேன்.

கலரு கெடைக்கலைன்னா போவுது கண்ணு, வெறுங்கையோடவே வரச் சொல்லு.

இப்படிக்கு,
மன்னிப்பு என்று எழுதத் துணியாத தங்கை
ராஜமேரி