உள்தாழ்ப்பாள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் வாயாடி எழுதுகிறேன். எலும்பெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, அதனால் நலம் என்றே வைத்துக்கொள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று அலுத்துக்கொள்ளாதே. என் போன் தினமும் உன் மாப்பிள்ளை கைக்கு ஒரு முறை போய்த்தான் வருகிறது. பதிலைத் தையல் கம்பெனி முகவரிக்கு அனுப்பு. கட்டிங் மேசையில் என் பக்கத்தில் நிற்கும் அக்கா வாங்கி வைப்பாள்.

விஷயம் இதுதான். எங்கள் பாத்ரூமைப் புதுசாகக் கட்டப் போகிறோம். பேசின் இரண்டாகப் பிளந்துவிட்டது, கண்ணாடி போய்விட்டது, கதவு கீலோடு பிய்ந்து தொங்குகிறது. வாளி விழுந்து பேசின் உடைந்தது என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறோம். வாளி இல்லை அண்ணா. என் தலை.

சட்டைக்கு இஸ்திரி சரியில்லை என்று ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். இந்த வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை அது ஒன்றுதான். படுக்கையறைத் தாழ்ப்பாளை அவர் போன வருஷமே கழற்றி எறிந்துவிட்டார். "புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல எதுக்குடி தாப்பா?" என்று கேட்டார். பாத்ரூம் கதவை உதைத்தார். திருகாணி எல்லாம் தெறித்து வந்துவிட்டது. பின்கழுத்தைப் பிடித்து முகத்தைப் பேசினில் மோதினார். இரண்டாவது மோதலில்தான் அது உடைந்தது. முன்பல் ஒன்று ஆடுகிறது, நெற்றித் தையலை முடி மறைக்கிறது.

மறுநாள் வழக்கம்போல அழுதார். பாத்ரூமை ஜோராகப் பண்ணிவிடலாம் என்கிறார். டைல்ஸுக்கு என்ன கலர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்குக் கலர் வேண்டாம். நீ எத்தனையோ பேருக்குப் பாத்ரூம் கட்டிக் கொடுக்கிறவன், தங்கச்சிக்கு ஒரு கதவு போட்டுக் கொடு. கனமான மரம். உள்ளே மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். அவருக்குக் கோபம் இறங்கும்வரை நான் உயிரோடு உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

உன்
வாயாடி


மார்ச் 12

என் வாயாடித் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, கையில் இருந்த டைலைச் சுவரில் எறிந்து உடைத்தேன். உன் அண்ணி பயந்துபோனாள். அப்போதே வண்டியேறி வந்து அவன் மணிக்கட்டை முறித்திருப்பேன். அவள்தான் தடுத்தாள். நான் அடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன், அதற்கும் சேர்த்து நீதான் வாங்குவாய் என்றாள். அதுவும் நியாயம்தானே? மாப்பிள்ளை கோபக்காரர், ஆனால் குடி கிடையாது, சம்பளத்தை வீட்டுக்குத்தான் கொண்டுவருகிறார். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொள் தாயி. ஆடுகிற பல்லை விட்டுவிட்டு மற்றதைக் கடி. சிரிக்கிறாயா?

பிளான் போட்டுவிட்டேன். தரை வாட்டத்தில் தண்ணீர் வாசல் பக்கம் வராமல் மூலைக்கு ஓடும். சொரசொரப்பான டைல்ஸ், வழுக்காது. கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைக்கிறேன். அப்படி வைத்தால் உதைக்க உதைக்கக் கதவு நிலையில்தான் போய் இறுகும், உள்ளே விழாது. இரும்பு நிலை, தேக்குக் கதவு.

ஆனால் உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. கோபப்படாதே. அப்பா தாழ்ப்பாள் போட்ட பாத்ரூமுக்குள் விழுந்து கிடந்து முனகியதை நீயும்தானே கேட்டாய்? நானும் நீயும் தோளால் மோதி மோதிக் கதவை உடைத்து உள்ளே போனபோது முனகல் நின்றுவிட்டது. அன்றிலிருந்து நான் கட்டுகிற எந்தப் பாத்ரூமிலும் உள்தாழ்ப்பாள் இல்லை. ஒரு பூட்டு வைக்கிறேன். உள்ளே குமிழைத் திருகினால் பூட்டிக்கொள்ளும். வெளியே திருகாணித் தலை மாதிரி ஒரு வெட்டு இருக்கும், அதில் நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறந்துவிடும். பார்க்கிறவனுக்கு அது திறக்கிற இடம் என்றே தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

உன்
அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

பூட்டு வேண்டாம். சொல்கிறேன் கேள். அப்பா தானாக விழுந்தார். நான் இதுவரை தானாக ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

முந்தாநாள் குழம்பில் உப்பு கம்மி. தட்டை எறிந்தார், தோளில் பட்டது. பாத்ரூமுக்குத்தான் கதவு இல்லையே, எங்கே ஓடுவது? இஸ்திரிப் பெட்டியை முழங்கைக்கு மேல் அழுத்தி, கத்தினால் இன்னும் அழுத்துவேன் என்றார். நான் கத்தவில்லை. தோல் பெட்டியோடு போய்விட்டது. கம்பெனியில் அக்காதான் மருந்து தடவினாள். இப்போது வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு துணி வெட்டுகிறேன், சூப்பர்வைசர் "என்ன, குளிரா?" என்று கிண்டல் பண்ணுகிறார்.

நான் உள்ளே விழுந்து செத்தாலும் பரவாயில்லை, யாராலும் திறக்க முடியாமல் இருக்க வேண்டும். இரண்டு தாழ்ப்பாள். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தங்கச்சி


மார்ச் 27

வாயாடிக்கு,

செத்தாலும் பரவாயில்லை என்று இன்னொரு தடவை எழுதினால் உன்னோடு பேச மாட்டேன். ஒரு சாவை அந்தக் கதவுக்குப் பின்னால் பார்த்தது போதும். பூட்டுத்தான். இதில் நான் உன் பேச்சைக் கேட்க மாட்டேன், நீ எவ்வளவு மூக்கைச் சிந்தினாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வருகிறான். ரசமட்டம் என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். சாப்பிடுகிற தட்டைக்கூடச் சாய்வில்லாமல் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவான். என்னிடம் வேலை பழகியவன், நான் சொன்னதில் நூல் பிசக மாட்டான். நானே வந்தால் மாப்பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேன், அதனால்தான் அவனை அனுப்புகிறேன். தீப்புண்ணை மூடி வைக்காதே, காற்றுப் படட்டும்.

உன்
அண்ணன்


ஏப்ரல் 29

அண்ணா,

பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது கையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. கத்தரி பிடிக்கிற கை தப்பித்தது.

உன் கதவு பிரமாதம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று அவன் உதைத்த உதைக்கு அது அசையவே இல்லை. ஆமாம், அவன்தான். இனி "அவர்" என்று எழுத எனக்குக் கை வராது. நான் உள்ளே சுவரின் வழவழ டைல்ஸில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து சிரித்தேன் அண்ணா, வாய்விட்டுச் சிரித்தேன். அது அவனுக்குக் கேட்டிருக்கும்.

உதை நின்றது. சமையலறையில் சில்லறை டப்பாவைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. நாணயம் தேடுகிறான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

உன் ரசமட்டம் வேலை முடித்த அன்று, நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். என் புருஷனைக் கூப்பிட்டுப் பூட்டைக் காட்டியிருக்கிறான். "சார், ஒரு நிமிஷம். இதை வீட்டுக்காரருக்குத் திறந்து காட்டாம நான் கெளம்புனா எங்க முதலாளி என்னைத் தொலைச்சுடுவாரு." அவன் கையில் நாணயத்தைக் கொடுத்து, திறக்கவும் வைத்திருக்கிறான். எல்லா வீட்டிலும் அப்படித்தானாமே, உன் உத்தரவாமே. உன்னைப் பற்றி நல்லதாகச் சொல்வதாக நினைத்து, போகும்போது அதை என்னிடமே சொன்னான். உனக்கு அன்றே எழுதத் தோன்றாமல், என் வீட்டுக்காரன் அதை மறந்துபோவான் என்று நான் இருந்துவிட்டேன்.

குமிழ் தானாகத் திரும்புவதைப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினேன். அவன் ஒரே இழுப்பில் என்னையும் சேர்த்து வெளியே இழுத்தான், அப்புறம் முடியைப் பிடித்து மறுபடி உள்ளே எறிந்தான். "சிரிடி, இப்ப சிரி" என்று விலாவில் உதைத்தான். தரையில் ஊன்றியிருந்த கையைச் செருப்புக்காலால் மிதித்து அரைத்தான். விரல் முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. குழாயைத் திறந்து வாளியில் என் தலையை அமுக்கினான். மூக்கில், வாயில் எல்லாம் தண்ணீர். செத்தேன் என்றே நினைத்தேன்.

அவன் மூச்சு வாங்குவதற்காக ஒரு நொடி பிடியை விட்டான். நீ பார்த்துப் பார்த்து எடுத்த ஃப்ளஷ் டேங்க் இருக்கிறதே, அதன் பீங்கான் மூடி நல்ல கனம். அதைத் தூக்கி முழங்காலில் அடித்தேன். அவன் மடங்கினான். தோளில் அடித்தேன். எலும்பு உள்ளே போனது. இன்னொரு தடவையும் அடித்தேன், மூடி உடைந்தது. அந்த மூன்றாவது அடி தேவையே இல்லை. அடித்தேன்.

வெளியே வந்து வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். கெட்ட வார்த்தையில் கத்தினான், அப்புறம் அழுதான், அப்புறம் சத்தமே இல்லை. அண்ணா, எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். திறந்தால் நான் காலி, திறக்காவிட்டால் அவன் காலி. பெரிய ஆம்பளை, இப்போது முனகவாவது மாட்டானா என்று இருந்தது. கடைசியில் எதிர்வீட்டு டிரைவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். "பாத்ரூம்ல ஒருத்தர் விழுந்து கெடக்கார், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு நீங்க தொறங்கண்ணே" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

இப்போது கம்பெனி அக்கா வீட்டுக்குப் போகிறேன். பதிலைக் கம்பெனிக்கே எழுது.

தங்கச்சி


மே 9

என் தங்கமே,

ரசமட்டத்தை அறைந்துவிட்டேன். காதில் ரத்தம் வந்தது. "நீங்க சொன்னதைத்தானேண்ணே செஞ்சேன்" என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொல்லத்தான் போனேன். மாப்பிள்ளையின் உடைந்த தோள்பட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், அவர் அலறிய அலறலில் நர்ஸ் ஓடிவந்து என்னை இழுத்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மச்சான், இனிமே கை நீட்டுனா என்னைச் செருப்பால அடிங்க" என்றார். போலீஸில்கூட வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறார், உன் பேரை இழுக்கவில்லை. மனுஷன் திருந்திவிட்டார் தாயி, என் கண்ணால் பார்த்தேன்.

உன் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போய், அந்தப் பூட்டை நானே பெயர்த்து எறிந்தேன். இப்போது உள்பக்கம் மூன்று தாழ்ப்பாள், கட்டைவிரல் கனத்தில் இரும்பு. நாணயம் இல்லை, ஓட்டை இல்லை. யானை வந்து முட்டினாலும் திறக்காது. உடைந்த மூடிக்குப் பதில் புது மூடியும் போட்டாயிற்று.

எங்கள் வீட்டில் இடம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். பிள்ளைகள் பெரிதாகிவிட்டன, கேட்கிறவர்களுக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை கம்பெனி வாசலுக்கு வருகிறேன், நானே கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன்.

உன்
அண்ணன்


மே 15

அண்ணா,

வெள்ளிக்கிழமை நீ வாசலில் நின்றதை, நான் போன் செய்தபோது அக்கா சொன்னாள். உன் கடிதம் கிடைத்த மறுநாளே நான் அங்கே வேலையை விட்டுவிட்டேன். அவளைத் தொந்தரவு செய்யாதே, நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று அவளுக்கும் தெரியாது.

உன் கடிதத்தை எத்தனையோ தடவை படித்தேன். ஒரு பத்தியில் அவன் திருந்திவிட்டான் என்கிறாய். அடுத்த பத்தியில் மூன்று தாழ்ப்பாள் என்கிறாய். திருந்தியவன் வீட்டில் மூன்று எதற்கு அண்ணா? நீ கெட்டவன் இல்லை. என்மேல் உயிரையே வைத்திருக்கிறாய், அது எனக்குத் தெரியும். ஆனால் என்னை அந்த வீட்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவே இல்லை, அதற்குள்ளேயே நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைக்கத்தான் தோன்றியது. முதல் கடிதத்தில் நானும் அதைத்தானே கேட்டேன். அதனால் உன்மேல் கோபப்படக்கூட எனக்கு முழுசாக முடியவில்லை.

முகவரி எழுதவில்லை. எழுதினால் நீ நல்லது என்று நினைத்து அவனிடம் கொடுத்துவிடுவாய். அண்ணியைக் கேட்டதாகச் சொல். ரசமட்டத்திடம் என் பேரில் மன்னிப்புக் கேள், அவன்மேல் தப்பில்லை.

இங்கே ஒரு பெரிய வீட்டில் ஓர் அறை எனக்கு. நாலைந்து பெண்களுக்குச் சேர்த்து ஒரே பாத்ரூம். நீ பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாய், தரையில் தண்ணீர் தேங்குகிறது, கதவு நிலையிலேயே பொருந்தவில்லை, தாழ்ப்பாள் கிடையவே கிடையாது. கதவின் மேல் துண்டு கிடந்தால் ஆள் உள்ளே என்று அர்த்தம்.

நேற்றுத்தான் முதல் முறையாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். பாதியில் யாரோ கதவைத் தட்டினார்கள். சோப்பு கையை விட்டுப் போய்விட்டது, மூலையில் போய் ஒட்டிக்கொண்டேன். வெளியே ஒரு பெண்ணின் குரல். "யாருக்கா, புதுசா வந்தவங்களா? ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா குளிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தங்கச்சி