நடுவில் இருந்தவை

பிப்ரவரி 3

மூட்டு அறுவை முடிந்து இருபத்திரண்டாம் நாள். இன்று தடி இல்லாமல் குளியலறைக்குப் போய், தடியோடும் மனைவியோடும் திரும்பினேன். இடையில் நடந்தது எனக்கும் வாளிக்கும் மட்டும் தெரியும்.

மகள் மத்தியானம் வந்தாள். படுத்திருக்கும் அப்பனுக்குப் பழம் கொண்டுவருவாள் என்று பார்த்தால், மணல். மூன்று கண்ணாடி ஜாடி நிறையக் காய்ந்த மணல். மூன்று ஊற்றுகளின் வாயில் வலை கட்டிப் பிடித்ததாம். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், இதில் நத்தை ஓடு இருக்கும், பொறுக்கிக் கொடு என்றாள்.

இந்த நத்தைகள் பாறைக்கு அடியில், வெடிப்புகளில் ஓடும் தண்ணீரில் வாழ்கின்றனவாம். வெளிச்சம் என்பதையே பார்க்காத பிறவிகள். கண் இல்லை, நிறம் இல்லை. செத்தபிறகு ஓடு மட்டும் தண்ணீரோடு வெளியே வந்து சேர்கிறது. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர். இவற்றுக்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை. படம் வரைந்து, அளந்து, விவரம் எழுதி, பெயர் வைப்பதுதான் அருங்காட்சியகத்தில் இவள் வேலை. அந்த வேலையும் ஜூனோடு முடிகிறது. அதற்குள் நல்ல கட்டுரை ஒன்று வந்தால் நீட்டிப்பார்கள். வராவிட்டால் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

பிப்ரவரி 5

கறுப்பு அட்டை, மேசை விளக்கு, மிக மெல்லிய தூரிகை ஒன்று, அவள் இரவல் வாங்கித் தந்த உருப்பெருக்கி. தூரிகை நுனியை ஈரமாக்கித் தொட்டால் ஓடு ஒட்டிக்கொள்கிறது. புதிதாகச் செத்தது கண்ணாடி மாதிரி. பழசு சுண்ணாம்பு மாதிரி.

காலையில் நாற்பது சேர்த்தேன். ஒரு தும்மல். நாற்பதும் போச்சு.

தரையில் தவழ்ந்து தேட மூட்டு இடம் கொடுக்கவில்லை. மனைவி துடைப்பத்தோடு வந்து நின்று பார்த்தாள். "பருப்புல கல்லு பொறுக்கித் தாங்கன்னா கண்ணு மங்குதும்பீங்க. இது மட்டும் எப்படித் தெரியுது?" நான் தூரிகையை மறுபடி ஈரமாக்கினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மகள் வந்து பார்த்துவிட்டு, ஒல்லியாக நெட்டை ஒன்று, பருத்த குட்டை ஒன்று, இரண்டு இனமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது, அப்படியே இரண்டு குவியலாகப் பிரித்துவை, உடைந்ததைத் தூக்கிப் போடு என்றாள். ஜாடிக்கு ஜாடி கலக்கக்கூடாதாம். எந்த ஊற்றில் வந்தது என்று தெரியாத ஓடு விலாசம் இல்லாத கடிதம் மாதிரியாம்.

என்னிடமா சொல்கிறாள்? இரும்புக் கடையில் முப்பத்தோரு வருஷம் திருகாணி பிரித்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் அளவு சொல்வேன். பத்தாவதோடு நிறுத்திய படிப்பு கடைசியில் விஞ்ஞானத்துக்குப் பயன்படுகிறது.

பிப்ரவரி 14

கை பழகிவிட்டது. நெட்டை இடப்பக்கம், குட்டை வலப்பக்கம். இரண்டிலும் சேராமல் சில வருகின்றன. நெட்டை என்றால் கொஞ்சம் பருமன், குட்டை என்றால் கொஞ்சம் உயரம். கடையில் இரண்டு அளவுக்கும் நடுவில் ஒரு திருகாணி வந்தால் அது பழுதுச் சரக்கு. தனி டப்பாவில் போடுவோம். வாடிக்கையாளர் கையில் போனால் மானம் போகும். இங்கேயும் ஒரு பழைய மாத்திரை டப்பாவை வைத்திருக்கிறேன். பழுது என்பதால் மூன்று ஜாடிக்கும் ஒரே டப்பா.

பிப்ரவரி 27

முடிந்தது. நெட்டை 188. குட்டை 231. குவியல்களைப் பார்த்து மகள் சொன்னாள்: "மியூசியத்துல யாரும் இவ்ளோ சுத்தமா பிரிச்சதில்லப்பா." நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். தடியோடுதான்.

மார்ச் 9, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மகள் மடிக்கணினியோடு வந்தாள். கட்டுரை வெள்ளிக்கிழமையே பத்திரிகைக்குப் போய்விட்டதாம். இரண்டு புதிய இனம். குட்டைக்கு ஊற்றின் பெயர். நெட்டைக்கு என் பெயர்.

ஐந்தடி இரண்டங்குலம் உள்ள என் பெயர், நெட்டைக்கு. சிரித்தேன், பிறகு மூக்கைச் சிந்தினேன். மனைவி மட்டும் அசரவில்லை. "வாயத் தொறக்காது, கூட்டை விட்டு வெளிய வராது, ஒரு வேலைய முடிக்க ஒரு வருஷம் ஆகும். பொருத்தமாத்தான் வெச்சிருக்கா."

பிறகு மகள் ஒரு படம் காட்டினாள். ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு புள்ளி. உயரம் ஒரு பக்கம், அகலம் ஒரு பக்கம். இரண்டு கூட்டமாகப் புள்ளிகள், இடையில் வெள்ளையாக ஓர் இடைவெளி. அதில் விரலை வைத்தாள்.

"இதைப் பாருப்பா. நடுவுல ஒண்ணுமே இல்ல. அதனாலதான் ரெண்டும் வேற வேற இனம்னு தைரியமா சொல்ல முடியுது."

நடுவில் ஒன்றுமே இல்லை. எப்படி இருக்கும்? நடுவில் இருந்ததெல்லாம் என் அலமாரியில், மாத்திரை டப்பாவில் இருக்கிறது.

நான் வாயைத் திறக்கவில்லை. மனைவி சொன்னது சரிதான்.

மார்ச் 10

டப்பாவைத் திறக்கவில்லை.

மார்ச் 12

திறந்தேன். 64. அவற்றைக் கறுப்பு அட்டையில் வரிசையாக வைத்தேன். மகள் மாதிரிக்கென்று விட்டுப்போன ஒரு நெட்டை ஒரு கோடியில், ஒரு குட்டை மறுகோடியில். நடுவில் இந்த 64. இதுவரை நெட்டை, இதற்குப் பிறகு குட்டை என்று எங்காவது தூரிகையை நட்டுப் பார்க்கலாம் என்று பார்த்தேன். நடமுடியவில்லை. படிக்கட்டு மாதிரிகூட இல்லை. சறுக்குமரம் மாதிரி வழவழவென்று இறங்கிக்கொண்டே போகிறது.

அப்போ ரெண்டு இனம்லாம் கெடையாது. ஒண்ணுதான். என்னத்தப் பண்ணி வெச்சிருக்கேன் நான் — எடுபிடி வேலை குடுத்தா ஒரு இனத்தையே உண்டாக்கி வெச்சிருக்கேனே.

மார்ச் 14

முடி வெட்டப் போனேன். நத்தைக்கு என் பெயர் என்று வாய் தவறி அளந்துவிட்டேன், முடிதிருத்துபவர் விடவில்லை. வந்தவர்களிடமெல்லாம், சார் பெயரில் ஒரு நத்தை இருக்கிறது, தெரியுமா என்றார். ஒருவர் கை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஒருவேளை உண்மையிலேயே பழுதுச் சரக்காக இருந்தால்? நத்தையிலும் ஊனம் இருக்காதா? நூற்றுக்கு இரண்டு இருக்கலாம். நானூற்றுச் சொச்சத்தில் 64 என்றால் எந்த முதலாளி நம்புவார்?

சொன்னால் அவள் வேலை போகலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நத்தைகளுக்கோ கண்ணே கிடையாது. இப்படியெல்லாம் யோசிக்கிறேன். இதில் எத்தனை பங்கு அவள் வேலைக்காக, எத்தனை பங்கு என் பெயருக்காக?

மார்ச் 17

தாங்கவில்லை. மனைவியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவகிட்ட சொல்ல வேண்டியத என்கிட்ட ஏங்க சொல்றீங்க?"

மார்ச் 18

பேருந்தில் போனேன். அறுவைக்குப் பிறகு முதல் பேருந்து. அருங்காட்சியகத்தின் பின்வாசல், இரண்டு மாடி, மின்தூக்கி பழுது. மேலே போய்ச் சேர்ந்தபோது பேச்சு வரவில்லை. அது ஒரு வகையில் சௌகரியமாக இருந்தது. அவள் அறையில் உயிரினங்களை ஊறவைக்கும் சாராயத்தின் வாடை, உயரமான இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் பென்சிலில் எழுதிய சீட்டு. ஜன்னல் ஓரம் அவள் மேசை. டப்பாவை அதன்மேல் வைத்தேன்.

"நடுவுல ஒண்ணுமே இல்லன்னியே. நடுவுல இருந்ததெல்லாம் இதுல இருக்கும்மா. பழுதுன்னு நெனச்சு எடுத்து வெச்சுட்டேன்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் வைத்தாள். பதினோராவதோடு நிறுத்திவிட்டாள். எது எந்த ஊற்று என்று கேட்டாள். எல்லாம் கலந்துவிட்டது என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எப்பலேருந்து உனக்குத் தெரியும்?"

"நீ படம் காட்டுன அன்னிலேருந்து."

"ஒம்பது நாளாப்பா?"

"பேருக்கு ஆசைப்பட்டுட்டேன்."

பொய் எதுவும் கைவசம் இல்லை. அவள் ஜன்னலைப் பார்த்தபடி, நீ வீட்டுக்குப் போ என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னாள். மாடிப்படி வரை கையைப் பிடித்து வந்து விட்டுப்போனாள். அதுதான் ரொம்ப வலித்தது.

மார்ச் 23, ஞாயிறு

மகள் வரவில்லை. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னாளாம்: கட்டுரையைத் திரும்பப் பெற்றாகிவிட்டது. துறைத் தலைவி, ஜூனுக்குள் என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் கேட்டாராம்.

மார்ச் 30, ஞாயிறு

அழைப்பு மணி. மகள், மூன்று புது ஜாடிகளோடு. சனிக்கிழமை தனியாகவே போய் அதே ஊற்றுகளில் வலை கட்டியிருக்கிறாள். முழங்கை வரை சிராய்ப்பு.

உட்காராமலே வேலையைச் சொன்னாள். இந்தத் தடவை பிரிக்கவே கூடாது. கட்டம் போட்ட அட்டை. கட்டத்துக்கு ஒரு ஓடு. எது முதலில் கைக்கு வருகிறதோ அது முதலில். அழகு, அசிங்கம் பார்க்கக்கூடாது. ஜாடிக்குத் தனி அட்டை. நான் மண்டையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். திரும்ப இந்த வேலையை என்னிடம் ஏன் கொடுக்கிறாள் என்று கேட்கப் பயமாக இருந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது அவளே சொன்னாள்.

"உன் தப்பு மட்டும் இல்லப்பா. ரெண்டு குவியலா பிரின்னு மொதல்ல சொன்னதே நான்தான். ரெண்டு இருக்கணும்னு எனக்கு ஆசை."

பிறகு, "ஆனா ஒம்பது நாள் உன்னுது" என்றாள்.

ஆமாம். அது என்னுடையதுதான்.

ஏப்ரல் 8

212. தும்மல் வந்தால் அடுத்த அறைக்கு ஓடுகிறேன். ஓடுகிறேன் என்பது ஒரு பேச்சுக்கு.

ஏப்ரல் 26

அட்டைகள் முடிந்தன. மூன்று ஊற்றும் சேர்ந்து 603. ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை. கை நாலைந்து தடவை டப்பா இருந்த பக்கம் தானாகப் போயிற்று.

மே 4

புதுப் படம் காட்டினாள். ஒரே மேகம். மூன்று ஊற்றிலும் அப்படித்தான். நடுவில்தான் புள்ளிகள் நெருக்கம். நெட்டையும் குட்டையும்தான் ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. நான் பழுது என்று தள்ளியதுதான் அந்த நத்தையின் சாதாரண முகம் போலிருக்கிறது. முதல் தடவை நடுவில் 64தானே இருந்தது என்று கேட்டேன். சந்தேகம் வந்ததையெல்லாம் கை ஏதாவது ஒரு பக்கம் தள்ளியிருக்கும், டப்பாவுக்குப் போனது அதற்கும் அடங்காததுதான் என்றாள். திட்டு மாதிரி இல்லை. வாத்தியார் கணக்கு சொல்வது மாதிரி சொன்னாள்.

ஜூன் 20

ஒரு இனத்தோடு கட்டுரை ஏற்கப்பட்டது. பெயர் ஊற்றின் பெயர். நீட்டிப்பு ஒரு வருஷம். இவள் கேட்டது மூன்று. துறைத் தலைவி, இரண்டு இனத்தைக் காட்டியவளைவிட ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டவளை நம்பலாம் என்றாராம். நம்பிக்கைக்கு ஏன் இரண்டு வருஷம் குறைத்தார் என்று மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி.

கட்டுரையில் ஒரு வரியைத் தமிழில் சொல்லச்சொல்லி இங்கே எழுதிக்கொண்டேன்: "ஓட்டின் வடிவம் மிகவும் மாறுபடும், இடைநிலை வடிவங்களே அதிகம்."

ஜூன் 24

முடிதிருத்துபவர், நத்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். இல்லை என்று ஆகிவிட்டது என்றேன். செத்துப்போச்சா சார் என்று கத்தரியை நிறுத்தினார். பிறக்கவே இல்லை என்றேன். அனுதாபத்தில் கிருதாவைக் கொஞ்சம் ஏற்றி வெட்டிவிட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இப்போது தடி இல்லை. மகள் சாப்பிட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து வைத்தாள். நாலாவது ஊற்று, மலைக்கு அந்தப் பக்கம். ஒரே ஒரு கறுப்பு அட்டை. எத்தனை குவியல் என்று கேட்டேன்.

"நான் எதுவும் சொல்லமாட்டேன். மொதல்ல நீ எல்லாத்தையும் பாரு. பாத்துட்டு நீ சொல்லு, நான் அளக்கறேன்."

அவள் போனதும் விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். இருட்டுவதற்குள் தொண்ணூற்றேழு பார்த்தாயிற்று. சில வாய் அகன்றவை, சில வரிவரியாக இருக்கின்றன. ஒன்றையும் இன்னும் ஒரு பக்கமும் வைக்கவில்லை.