சாத்துக்குடியைப் பிடித்துக்கொண்டு படுத்தவளுக்கு

இன்று காலை லேப் கதவைத் திறந்ததும் சாத்துக்குடி வாசனை. நான் பாடம் எடுக்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பழங்களில் ஊசி குத்திப் பழகிக்கொண்டிருந்தார்கள். பழத்தோலின் வாசமும் ஸ்பிரிட் நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறியபோது எனக்கு நீ வேண்டும் போலிருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பி.எஸ்சி. நர்சிங் முதல் வருடம் நாமும் இப்படித்தானே பழகினோம். நாங்களெல்லாம் மேஜைமேல் பழத்தை வைத்துக் குத்திவிட்டு, வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுவோம். உனக்கு அது பிடிக்கவில்லை. பேஷன்ட்டுக்குப் பதிலாகக் கட்டிலில் கிடந்த பொம்மையை ஓரமாகத் தள்ளிவிட்டு நீயே ஏறிப் படுத்தாய். சாத்துக்குடியைக் கையில் பிடித்து நீட்டினாய்.

"குத்துறது பழத்துல. பேச்சு எங்கிட்ட. இன்னா, வா!"

நான் பேசாமல் குத்தினேன். நீ போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து மேடம் ஓடி வந்துவிட்டார்.

"இன்னா மாம்பலம், சொல்லாம கொள்ளாம குத்துற? நீ பெயிலு!"

மேற்கு மாம்பலத்திலிருந்து ரயிலில் வருகிறவள் என்பதால் நீ எனக்கு வைத்த பெயர் அது. பேஷன்ட் இவ்வளவு பேசக் கூடாது என்று மேடம் அதட்டினார். ஆற்றோரக் குடிசையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட வீட்டுப்பெண் நீ, சும்மா இருப்பாயா? "வார்டுல பேசுவாங்களே மேடம்! எங்க ஏரியா ஆளுங்க வந்தா இன்னும் பேசுவாங்க." மேடம் சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டார்.

அதன்பிறகு வகுப்புக்கே நீதான் பேஷன்ட். ஒருநாள் காது கேட்காத பாட்டி, ஒருநாள் ஊசியைக் கண்டாலே ஓடும் ஆயா, ஒருநாள் எல்லோரையும் திட்டும் குடிகாரர். பெயரைக் கேட்டு, என்ன மருந்து என்று சொல்லி, 'ஊசி போடப் போறேன்' என்றும் சொன்ன பிறகுதான் பழத்தைத் தொட விடுவாய். சரியாகச் செய்தால் "பாஸு". பிறகு அந்தப் பழத்தையே உரித்துத் தின்றுவிடுவாய். 'உள்ள வெறும் தண்ணிதானே கீது' என்பாய். உன்னைத் திருத்தவே முடியாது.

முதன்முதலாக வார்டுக்குப் போன அன்று ஓர் ஆட்டோக்காரர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "நீ புச்சாம்மா? வேற ஆள கூப்டு." எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அச்சு அசல் நீ! உட்கார்ந்து பேசினேன். சற்று நேரத்தில் அவரே கையை நீட்டினார். வார்டின் அந்தக் கோடியில் பெட்பேனோடு போய்க்கொண்டிருந்த நீ என்னைப் பார்த்து வாயசைத்தாய்: பாஸு.

படிப்பு முடிந்து நாம் ஆளுக்கொரு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனோம். ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி உன்னை என் வார்டிலேயே கொண்டுவந்து சேர்த்தார்கள். அத்தனை பேஷன்ட்டாகவும் நடித்தவள் நிஜமாகப் படுத்தபோது பேசவே இல்லை. ரிப்போர்ட்டைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கையில் நரம்பு கிடைக்காமல் மற்ற சிஸ்டர்கள் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். அப்போதும் நீ வாயைத் திறக்கவில்லை. ஒரு கூச்சல் போடேன்டீ என்று உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

நான் உட்கார்ந்தேன். உன்னிடமே உன் பெயரைக் கேட்டேன். மருந்தைச் சொன்னேன். "ஊசி போடப் போறேன், லேசா வலிக்கும்" என்பதற்குள் கண்ணீர் பார்வையை மறைத்துவிட்டது. ஆனாலும் நரம்பு கிடைத்தது. நீ கண்ணைத் திறந்தாய்.

"அழுதுகினே குத்துற. நீ பெயிலு, மாம்பலம். நாளைக்கு வா, மறுபடி வெச்சிக்கலாம்."

எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தேன். மறுநாள் டியூட்டிக்கு வந்தபோது உன் கட்டிலில் புது விரிப்பு. முதல் வருடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தபடியே, மூலைகள் ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தன.

இன்று ஒரு பெண் பேசாமல் பழத்தைக் குத்திக்கொண்டிருந்தாள். நான் பொம்மையைத் தள்ளிவிட்டு ஏறிப் படுத்தேன். சாத்துக்குடியைக் கையில் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"உங்க பேர் என்னம்மா?" என்றாள் அவள். உன் பெயரைச் சொன்னேன்.

அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, மருந்தைச் சொல்லி, வலிக்கும் என்று சொல்லி, பிறகே குத்தினாள். எத்தனை நாளாயிற்று, உன் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லிக் கேட்டு!

"மேடம், நான் பாஸா?"

"பாஸு" என்றேன், உன் ராகத்திலேயே.

துள்ளிக்கொண்டு போனாள். நான் எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன். நாலு வருடப் படிப்பில் ஒரு பேப்பரிலும் அரியர் வைக்காதவள் நான். நீ பெயில் போட்ட அந்த ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது. மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்றாய். நான் வந்துவிட்டேன். நீதான் இல்லை.